தலை வாரிய பொம்மை

என் தங்கை பொம்மைகளை நடக்க வைப்பவள். பகலில் ஒரு மருந்து மொத்தக் கடையில் பில் போடுகிறாள். மிச்ச நேரமெல்லாம் எங்கள் வீட்டுச் சின்ன அறைக்குப் போய்விடும். பொம்மையின் காலை இம்மியளவு நகர்த்துவாள், ஒரு படம் எடுப்பாள், மறுபடி நகர்த்துவாள். விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்தால் பொம்மை ஒரு தெருவைக் கடக்கும். மின்விசிறி போடக் கூடாது. பொம்மையின் கம்பளி நூல் முடி ஆடிவிடும். வேர்வையில் நனைந்தபடியே வேலை.

கதையும் அவள் கட்டியதுதான். நிழலைத் தொலைத்த ஒரு சிறுமி. தன் நிழலில் பாதியை வெட்டி அவளுக்குத் தைத்துக் கொடுக்கும் அக்கா. நான் தையல் கடையில் காலர் தைக்கிறேன். பொம்மைகளின் உடுப்பெல்லாம் என் கைவேலை. கேமராவில் தெரியாது என்று அவள் சொன்ன பிறகும் கடுகளவில் பட்டன் வைத்துத் தைத்தேன்.

போன வருடம் குறும்பட விழாவுக்குப் படம் முடியவில்லை. இந்த வருடம், விடிந்தால் கடைசி நாள்.

"இதுவும் தவறிச்சுன்னா எல்லாத்தையும் மூட்டை கட்டிடுவேன்க்கா. தெம்பே இல்ல" என்றாள்.

ஒரே ஒரு காட்சிதான் பாக்கி. புயலில் ஓடி வந்த சிறுமி அக்கா முன்னால் வந்து நிற்க வேண்டும். பாதி எடுத்துவிட்டு, முகம் கழுவப் போனாள். திரும்பி வந்து பார்த்தால், சிறுமியின் தலை வழவழவென்று வாரியிருந்தது. பக்கத்தில் பழைய பல் பிரஷ்ஷோடு அம்மா.

"யாரும்மா இவ தலைய வாரினது?"

"நான்தான். பரட்டைத் தலையோட நிக்குது. இப்படியா ஒரு புள்ளைய படம் புடிப்பாங்க?"

"புயல்ல ஓடி வந்தவம்மா அவ!"

"இருக்கட்டுமே. வந்ததும் வாரிக்க வேணாமா?"

தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை. "திரும்பக் கலைச்சா பழைய மாதிரி வராதுக்கா. பாதியில முடி மாறினா பார்க்கிறவங்க சிரிப்பாங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது."

அம்மாவின் முகம் சுருங்கியது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "என் மேல ஏன் பாயறே? இந்தப் புள்ளைக்கு எதிர்ல ஒரு அக்காக்காரி மரம் மாதிரி நிக்கிறாளே, அவ வாரி விடக் கூடாதா? உனக்கு உங்கக்கா வாரி விடல?"

தங்கை தலை நிமிர்ந்தாள். மேஜை மேல் நின்ற அக்கா பொம்மையைப் பார்த்தாள்.

"அக்கா, பெரிய பொம்மைக்கு ஒரு சீப்பு வேணும்."

காலருக்குள் வைக்கும் பிளாஸ்டிக் பட்டை என் பையில் இருந்தது. பிளேடால் பல் பல்லாக வெட்டினேன். ஒரு பல் கோணியது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டினேன். "போதும்க்கா, யாரு பார்க்கப் போறா?" என்றாள். "நான் பார்ப்பேன்ல" என்றேன்.

அக்கா பொம்மையின் கை சீப்போடு மெல்ல உயர்வதை மட்டும் தனியாக எடுத்து நடுவில் சேர்த்தாள். அதற்கடுத்து, தலை வாரிய சிறுமி.

மறுநாள் படத்தை அனுப்பிவிட்டு வந்து சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். தேர்வாகுமா என்று யாருக்கும் தெரியாது. நான் மின்விசிறியைப் போட்டேன். மேஜை மேல் சிறுமியின் முடி பறந்து கலைந்தது. அம்மா பல் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் தடுக்கவில்லை.