ஒரு நாள் பிந்திய பஞ்சாங்கம்

ஓய்வு பெற்ற பத்திரிகைக்காரரை வீட்டில் வைத்துக்கொள்வது லேசான காரியமில்லை. கெட்சால்தெனாங்கோ நகரத்து எவாரிஸ்தோ சிதாலான் முதல் மாதமே மனைவி ஒத்திலியாவின் சமையலில் பிழை திருத்த ஆரம்பித்தார். இரண்டாம் மாதம் மாயா நாட்காட்டிப் பைத்தியம் பிடித்தது. ஒத்திலியா கோயிலுக்குப் போய் நன்றியோடு ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

இருபது நாள் பெயர், பதிமூன்று எண். இரண்டும் கூடிச் சுற்றிவர இருநூற்றறுபது நாள். ‘எட்டு’ என்ற எண்ணும் ‘பாட்ஸ்’ என்ற பெயரும் சேருகிற நாள்தான் திருநாள். மலையூர்களில் நாள் எண்ணுகிறவர்கள் இதை வாய்க்கணக்காகவே வைத்திருக்கிறார்கள். எவாரிஸ்தோவுக்கு வாய்க்கணக்கு ஆகாது, அச்சில் ஆதாரம் வேண்டும். ஆதாரமும் கையிலேயே இருந்தது. 1951இல் மோமோஸ்தெனாங்கோ என்ற மலையூரிலிருந்து அவரே எழுதிய செய்தி: “இன்று எட்டு பாட்ஸ் திருநாள். குன்றெங்கும் குங்கிலியப் புகை.” அந்தத் தாளின் தேதியைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் எண்ணினார். பதினோரு வருடத்தில் நூற்றைம்பது பக்க அட்டவணை சேர்ந்தது. அவருடைய பழைய பத்திரிகையே அதைப் புத்தகமாகப் போட முன்வந்தது. சனிக்கிழமை அச்சேற வேண்டும். அதற்குள் திருநாளை இன்னொரு முறை பார்த்து முன்னுரையில் நாலு வரி சேர்க்கலாம் என்று, தன் கணக்குப்படி எட்டு பாட்ஸ் வந்த வியாழக்கிழமை மனைவியோடு மோமோஸ்தெனாங்கோவுக்கு பஸ் ஏறினார்.

குன்றில் ஈ காக்கை இல்லை. சாம்பல் மட்டும் இன்னும் சுட்டது. நாள் எண்ணும் தொமாசா இஷ்கோய் படையலாக வந்த பானை ஓடுகளைக் குவித்துக்கொண்டிருந்தாள்.

“திருநாள் எங்கம்மா?” என்றார் எவாரிஸ்தோ.

“நேத்தே முடிஞ்சிருச்சே ஐயா.”

“இன்னிக்குத்தான்! நீங்க ஒரு நாள் முந்திட்டீங்க.”

“மூவாயிரம் பேரும் சேர்ந்து முந்திட்டோமா?” தொமாசா இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள். “பாவம், உங்களுக்குச் சொல்லாம நாள் பாட்டுக்கு வந்துட்டுப் போயிருச்சு.”

எவாரிஸ்தோ கோபத்தோடு பையிலிருந்து அந்தப் பழைய தாளை உருவி நீட்டினார். தொமாசா வாங்கவில்லை. ஒத்திலியா வாங்கிப் படித்தாள்.

“இதை எப்ப எழுதினீங்க?”

“திருநாளன்னிக்குச் சாயங்காலம். தந்தி ஆபீஸ்ல நின்னுக்கிட்டே.”

“பேப்பர் எப்ப வந்துச்சு?”

“மறுநாள் கா...”

அவர் வாய் அப்படியே நின்றது. சாயங்காலம் அவர் எழுதிய ‘இன்று’ மறுநாள் தேதி போட்ட தாளில் ‘இன்று’ என்றே வந்திருந்தது. ‘நேற்று’ என்று மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. பேப்பரில் வருவதையெல்லாம் நம்பக்கூடாது என்று ஊருக்கே தெரியும், எழுதுகிறவருக்குத் தெரியவில்லை. நூற்றைம்பது பக்கமும் ஒரு நாள் பிசகு.

கொஞ்ச நேரம் அவருக்கு அழுகைதான் வந்தது. தொமாசா சூடாக மக்காச்சோளக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். குடித்தபோது சிரிப்பு வந்தது. தன்னுடைய அட்டவணை இல்லாமலே நாட்கள் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கின்றன என்பது அவருக்கு விசித்திரமான நிம்மதியாக இருந்தது.

“முதல்லேர்ந்து எழுதணும்” என்றார்.

“தாராளமா எழுதுங்க. இன்னும் பதினோரு வருஷம் என் அடுப்படி பிழைச்சுது” என்றாள் ஒத்திலியா.

கீழே தபாலாபீசிலிருந்து பத்திரிகை ஆசிரியர் லிசாந்த்ரோவுக்குப் போன் போட்டு, அச்சை நிறுத்தச் சொன்னார். விஷயத்தைக் கேட்டு லிசாந்த்ரோ அலுத்துக்கொண்டார்.

“ஒரே ஒரு நாள்தானே அண்ணே! யாருக்குத் தெரியப் போகுது? அந்த மலைக்காரங்க நம்ம பேப்பரைப் படிக்கிறதே இல்லையே.”

“அதனாலதாம்ப்பா அவங்க கணக்கு தப்பாம இருக்கு” என்றார் எவாரிஸ்தோ.