தொட்டில் வளையம் இருந்த இடம்

பீளமேட்டில் எங்கள் வீட்டை ஒட்டிக் குடியிருந்தவள் ராசாத்தாள். அவள் கணவர் பொங்கியண்ணன் மில்லில் ஃபிட்டர். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. வீடு கட்டியபோதே விட்டத்தில் தொட்டிலுக்கென்று ஒரு வளையம் அடித்துவிட்டார்கள். அதுதான் அவளுக்கு எமனாக வந்தது. வருகிற சொந்தக்காரர்கள் தண்ணீர் வாங்கிக் குடிப்பதற்குள் அதை ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார்கள். வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். எங்கள் பக்கத்து மரியாதை அப்படி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் பொங்கியண்ணனுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. உயரத்திலிருந்து கனமான குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினால் அது ஆடும் திசை மெல்லத் திரும்புமாம். அதை வைத்துப் பூமி சுற்றுவதை வீட்டுக்குள்ளேயே பார்க்கலாம் என்று வாசகசாலையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தொங்கும் இடத்தில் உராய்வு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஏணி போட்டு ஏறி வளையத்தைப் பிடுங்கி எறிந்தார். அங்கே ஒரு இரும்புத் தாங்கியை முடுக்கி, அதன்மேல் சின்ன எஃகுக் கிண்ணம் ஒன்றைப் பதித்தார். மில்லில் கழித்துப்போட்ட நூல் சுற்றும் இரும்புக் கதிரின் கூர்முனை அந்தக் கிண்ணத்துக்குள் நிற்கும். கதிரோடு பிணைத்த வளைகம்பியிலிருந்து குண்டு கீழே தொங்கும்; அதன் பாரம் முழுவதும் அந்த முனையில்தான்.

ஏணியைப் பிடித்தது, எண்ணெய் எடுத்துக் கொடுத்தது, தரையில் வட்டமாக மணல் பரப்பியது எல்லாம் ராசாத்தாள். "வளையம் போச்சுங்களே" என்றாளாம். "அது எதுக்குப் புள்ள இனி" என்றாராம். இந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு, இன்னொருத்தியைக் கட்டமாட்டார் என்று அவள் நம்பிவிட்டாள். எனக்கு அப்போதே அதில் நம்பிக்கை இல்லை.

குண்டு சத்தமில்லாமல் ஆடியது. அதன் அடியில் இருந்த ஆணி மணலில் கீறிய கோடு, சோறு வெந்து இறக்குவதற்குள் ஒரு விரல் நகர்ந்திருந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

மறு வருஷம் தையில் சோமனூரிலிருந்து சுப்பாத்தாளைக் கட்டிக்கொண்டு வந்தார். வெட்கமில்லாத மனுஷன், ராசாத்தாளையே ஆரத்தி எடுக்கச் சொன்னார். எடுத்தாள். போய் நிற்க அவளுக்குப் பிறந்த வீடு இல்லை. அடுத்து சுப்பாத்தாளுக்கு ஒரு பையன் பிறந்தான். குண்டை அவிழ்த்துவிட்டு அதே கதிர்முனையில் தொட்டிலைக் கட்டினார்கள். ராசாத்தாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நான் ஆட்டறனுங்க" என்றாள்.

"நீ எதுக்குப் புள்ள? ஒருக்காத் தள்ளியுட்டாப் போதும், அதுபாட்டுக்கு ஆடும்" என்றார் பொங்கியண்ணன். தன் கெட்டிக்காரத்தனத்தில் அவருக்கு அத்தனை பெருமை.

"ஏனுங்க, காட்டுச் சாளைல ஆளே இல்லீங்க. அக்காளுக்கு இங்க என்ன வேலை? அங்க போய் இருக்கட்டுங்க" என்றாள் சுப்பாத்தாள். ஊருக்கு வெளியே தோட்டத்துக் குடிசைக்கு அவளை அனுப்ப அவரும் சரியென்று தலையை ஆட்டினார்.

மறுநாள் வீட்டில் ஆளில்லாதபோது ராசாத்தாள் ஏணி போட்டு ஏறி, கிண்ணத்துக்குள் ஒரு சிட்டிகை மணல் போட்டாள். தொட்டில் கரகரவென்று உராய்ந்து சீக்கிரமே நின்றது. பிள்ளை வீறிட்டது. அவர் துடைத்து எண்ணெய் விட்டார். அவள் மறுபடியும் போட்டாள். கடைசியில் அவர் சலித்துப்போனார். "முனை தேஞ்சுபோச்சாட்ட இருக்குது. நீ இங்கயே இருந்து ஆட்டு" என்றார்.

சக்களத்தி பிள்ளையை இப்படிப் பார்த்துக்கொள்கிறாளே, தங்கமான மனசு என்று ஊரே அவளைக் கொண்டாடியது. ஒருநாள் அவள் என்னிடம் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே கொஞ்சம் மணல் இருந்தது. அதை வைத்துத்தான் அந்த வீட்டில் அவளுக்குச் சோறு.