குளிரில் சுட்ட ஒரு வயர்

எஸ்டேட் மருந்தகத்தில் ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் போடியிலிருந்து எங்கள் ஜீப் ஓட்டுநர் மணியின் அழைப்பு வந்தது. “சிஸ்டர், ராசுக்காளை அண்ணே தவறிட்டாரு. விடியக்காலம் மூச்சு இழுப்பு வந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே...” பாதிக் கட்டோடு நின்றுவிட்டேன். காயம்பட்டவர்தான் “கட்டி முடிங்க சிஸ்டர்” என்று நினைவுபடுத்தினார்.

போடியில் வண்டி வைத்திருக்கும் உங்களுக்கு ராசுக்காளை அண்ணனைத் தெரியும். தேவாரம் ரோட்டில் பெயர்ப்பலகை இல்லாத கடை. வண்டியைக் கிளப்பும் செல்ப் மோட்டார், டைனமோ பழுது பார்க்கும் வேலை. நீங்கள் எல்லாரும் அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். நானும் வாங்கினேன்.

போடிமெட்டுக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்தில் நோயாளிகளைக் கீழே கொண்டுபோக இருப்பது ஒரே ஜீப். மார்கழி பிறந்தால் காலையில் அது எழுந்திருக்காது. அதற்காக யாரும் கவலைப்பட்டதுமில்லை. மலையில் வண்டியை மேட்டில்தான் நிறுத்துவார்கள்; பிரேக்கை விட்டால் இறக்கத்தில் உருளும், கியரைப் போட்டால் எடுத்துவிடும். அந்த வழக்கத்தை நம்பியே இரண்டு மார்கழியை ஓட்டினோம். ஒரு காலை, பிரசவ வலியோடு செல்வியை ஏற்றிய பிறகு பார்த்தால் இறக்கத்தை அடைத்துக்கொண்டு உர லாரி பழுதாகி நிற்கிறது. மணி சாவியைத் திருகினான். ஒரு முனகல், அவ்வளவுதான். நின்ற ஜீப்பிலேயே குழந்தை பிறந்தது, கழுத்தில் கொடி சுற்றியபடி. இருவரும் பிழைத்தார்கள்.

அடுத்த பிரசவம் பொன்னுத்தாயிக்கு. முதல் பிரசவமே ஆபரேஷன். அவளுக்கு ஜீப்பில் பிரசவம் பார்க்க முடியாது. அந்த மாதமே நாள். அடுத்த நாளே ஜீப்பை எடுத்துக்கொண்டு போடிக்கு இறங்கினேன்.

“அண்ணே, பேட்டரி ரெண்டு தடவை மாத்தியாச்சு. செல்ப் மோட்டாரையும் மாத்தி...” என்று ஆரம்பித்தேன்.

“சாமானைச் சொல்லாத தாயி, சங்கடத்தைச் சொல்லு. எப்ப எடுக்கலை? எங்க நின்னப்ப எடுக்கலை?”

சொன்னேன். அவர் சாவியைத் திருகினார். மலையிறங்கி வந்த சூட்டில் ஜீப் ஒரே திருகலில் எடுத்து என் மானத்தை வாங்கியது. அவர் சிரிக்கவில்லை. “மேல படுக்குற வண்டி இங்க வந்தா எந்திரிச்சு நிக்கிது. அப்ப நாந்தான் வரணும். நாளைக்கு மொத ஜீப்புல வர்றேன். சமதளத்துல நிப்பாட்டி வையி. நான் வர்ற வரைக்கும் ஒரு பய சாவியைத் தொடக் கூடாது.”

சொன்னபடி தோட்ட வேலையாட்களின் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு வந்து இறங்கினார், காதைச் சுற்றி மப்ளரும் ஒரு இருமலுமாக. பனி இன்னும் விலகவில்லை. மணியைத் திருகச் சொன்னார். ஜீப் முனகி அடங்கியது. “விடாம இன்னொரு தடவை” என்றார். பிறகு கருவி எதையும் எடுக்காமல் வெறுங்கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். பேட்டரியின் தலை, அதிலிருந்து போகும் வயர், செல்ப் மோட்டார். காய்ச்சல்காரனை நான் தொடுவது அப்படித்தான். எஞ்சினுக்கு அடியில் ஓரிடத்தில் கை நின்றது.

“தொட்டுப் பாரு தாயி.”

தொட்டேன். ஜீப் முழுக்கப் பனிக்கட்டியாக இருக்க, எஞ்சினை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் எர்த் வயரின் முனை மட்டும் சுட்டது.

“இம்புட்டுக் குளிர்ல இது ஒண்ணுக்கு மட்டும் காய்ச்சல். பேட்டரியில இருந்து போற கரண்டு இது வழியாத்தான் திரும்பணும். இங்க வழி அடைச்சிருக்கு. எஞ்சின் சூடா இருந்தா கொஞ்சத்துலயே சுத்திரும். குளிர்ல ஆயில் கெட்டிப்பட்டிருக்கும், முழு பலமும் வேணும். அதான் படுத்துக்கிருது.”

நட்டைக் கழற்றினார். அடியில் பளபளவென்று வெள்ளைப் பெயிண்ட். “எர்த்து வயருக்கு அடியில பெயிண்டு அடிக்கச் சொன்ன புண்ணியவான் யாரு?” மணி என்னைப் பார்த்தான். ஆஸ்பத்திரி வண்டி பார்க்க ஆஸ்பத்திரி வண்டியாக இருக்க வேண்டுமென்று ஒரு மூலை விடாமல் வெள்ளையடிக்கச் சொன்னது நான்தான். அண்ணன் இருமல் வரும்வரை சிரித்தார். உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து, வயரை முடுக்கி, என் மருந்தகத்து வாஸ்லின் களிம்பையே வாங்கி மேலே பூசினார். மணி சாவியைத் திருகினான். கையை எடுப்பதற்குள் ஜீப் எடுத்துவிட்டது.

எத்தனையோ பிரசவம் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் குழந்தையின் முதல் குரலில் உடம்பு சிலிர்க்கும். அன்று ஒரு பழைய எஞ்சின் சத்தத்துக்குச் சிலிர்த்தது. இரண்டு பேட்டரியும் ஒரு மெக்கானிக் பட்டாளமும் கண்டுபிடிக்காததை ஒரு உள்ளங்கை கண்டுபிடித்துவிட்டது. இன்றும் அந்த வியப்பு எனக்குத் தீரவில்லை.

பத்து நாள் கழித்து, உறைபனி விழுந்த காலையில், சமதளத்தில் நின்ற ஜீப் ஒரே திருகலில் பொன்னுத்தாயியை ஏற்றிக்கொண்டு இறங்கியது. பெண் குழந்தை. போனில் சொன்னேன். “வண்டி எடுத்துச்சுல்ல? பெறகென்ன, சோலியப் பாரு தாயி” என்று வைத்துவிட்டார்.

என் வேலையைப் பார்த்தேன். விடியலில் மூச்சு இரைக்கிறது என்று தாய் தூக்கி வந்த ஒரு குழந்தையை, பத்து மணி வெயிலில் சோதித்து, ஒன்றுமில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தேன். மறுநாள் விடியுமுன் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் வீட்டுக்கே போய்க் குழந்தையின் நெஞ்சில் காது வைத்தேன். உள்ளே விசில் அடித்தது. அன்றிலிருந்து மார்கழி முழுக்க விடியலில் லயம் லயமாகப் போகிறேன். கதவு திறந்ததும் நான் கேட்பது அவருடைய கேள்வி: “எப்ப சங்கடம்? எங்க இருந்தப்ப?” அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இது.

துக்க வீட்டில்தான் அவர் மனைவி சொன்னார்: குளிர் ஆகாத உடம்பு, மலையேறவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தாராம். அன்று எங்கள் பனியில் நின்று அவர் இருமிக்கொண்டே இருந்தார். நான் ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்ப சங்கடம் அண்ணே என்று அவரை நான் கேட்கவில்லை.