எல்லாருக்கும் போச்சா, ஒங்களுக்கு மட்டுமா?

எங்கள் வாட்ஸ்அப் குழுவின் பெயர் 'நெட் இருக்கா'. சிவகாமி அக்கா தொடங்கியது. நான்கு பேர். அதில் யாரும் நீளமாக எழுதியதில்லை. 'நெட் போச்சு.' 'வந்துருச்சு.' 'திரும்பவும் போச்சு.' போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஜோதி அதில் எழுதினார்: 'அக்கா தவறிட்டாங்க.' நெஞ்சுவலி. புதுக்கோட்டைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே.

நான் திருச்சியில் இருந்தேன். பொன்னமராவதி பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயதுதான் என்பது உறைத்தது.

அக்காவைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக ஜோதிக்கும் மல்லிகாவுக்கும். ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது.

*

அக்காவின் வீட்டு முன்னறை. நான்கு கணினிகள். சென்னையிலிருந்து பள்ளிக்கூடக் கையேடுகளின் பக்கங்கள் வரும். ஜோதியும் மல்லிகாவும் தட்டச்சு செய்வார்கள். நான் மெய்ப்புப் பார்ப்பேன். அக்கா எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புவார். பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் ஊருக்குத் திரும்பியிருந்த காலம் எனக்கு. மூன்று வருடம் அந்த அறையில் இருந்தேன். அங்கே நான் ஒருவன்தான் ஆண். 'தம்பி' என்று குரல் வந்தால் அது எனக்குத்தான்.

பக்கங்கள் எல்லாம் அக்காவின் கணினியில் இருக்கும். நாங்கள் வைஃபை வழியாக அதிலிருந்து திறந்துகொள்வோம். ஆகவே நெட் போனால் அறையே நின்றுவிடும். நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் கத்துவோம். அக்கா நாற்காலியிலிருந்து எழாமல் கேட்பார்:

"எல்லாருக்கும் போச்சா, ஒங்களுக்கு மட்டுமா?"

எப்போதும் அதுதான் முதல் கேள்வி. எல்லோருக்கும் போயிருந்தால் மோடத்தைப் பார்ப்பார். ஒருவருக்கு மட்டும் என்றால் அவரிடம் வருவார். நாங்கள் இந்த ஒரு கேள்வியைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் எல்லாவற்றையும் அணைத்து அணைத்துப் போடுகிறவர்கள்.

அவருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. பார்த்ததை நோட்டில் எழுதி வைத்திருந்தார். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில்: 'ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தணும்.'

*

ஒருமுறை மல்லிகாவின் மடிக்கணினியில் மட்டும் பக்கங்கள் திறக்கவில்லை. நெட் இருந்தது. பக்கங்கள்தான் இல்லை. அக்கா வந்து குனிந்து பார்த்தார்.

"மல்லிகா, ஒங்க கம்ப்யூட்டர் எதுத்த வீட்டுக்குப் போயிருக்கு. கூப்பிட்டு வாங்க."

எதிர்வீட்டு வைஃபையில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டின் கடவுச்சொல் மல்லிகாவுக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மல்லிகா அந்த நெட்டில் சீரியல் பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஜோதி மட்டும் விடவில்லை.

"அங்கிட்டுப் போயி சாப்புட்டுட்டு வந்துச்சா, சும்மா வந்துச்சாக்கா?"

"வேலையப் பாருங்க ஜோதி," என்றார் அக்கா. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு நன்றாகவே தெரிந்தது.

*

மோடம் முதலில் உள்ளறையில் இருந்தது. முன்னறைக்கு வரும்போது சிக்னல் மெலிந்துவிடும். ஒரு நாள் அக்கா மடிக்கணினியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். ஒவ்வொரு இடத்திலும் நின்று சிக்னல் கோடுகளை எண்ணினார்.

"சீர்த்தட்டு எங்கக்கா போகுது?" என்றார் ஜோதி.

"பீரோவுக்குப் பின்னாடி போனா செத்துப்போகுது. முன்னாடி வந்தா உசுரு வருது."

இடையில் நின்றது இரும்புப் பீரோ. அவர் கல்யாணத்துக்கு வந்தது. கத்தாரில் இருந்த கணவரிடம் போனில் சொன்னார். பீரோவை மூலை மாற்றி வைக்கக் கூடாது என்று அவர் மறுத்திருக்க வேண்டும். அக்கா சொன்னது மட்டும் எங்களுக்குக் கேட்டது.

"பீரோவுக்கு ஒரு மூலை இருக்குல்ல, என் வேலைக்கும் ஒரு மூலை வேணாமா?"

பீரோ நகரவில்லை. முன்னறைச் சுவரில் அவர்களுடைய கல்யாணப் படம் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்தார். அந்த ஆணியில் மோடத்தை மாட்டினார். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகச் சதுரமாக இருந்தது. அதன் நடுவில் பச்சை விளக்குகள்.

"அண்ணன் கேட்டா என்னக்கா சொல்லுவீங்க?" என்றார் மல்லிகா.

"லீவுக்கு வாரப்ப மாட்டிக்கலாம். அதுவரைக்கும் எனக்கு வேலை நடக்கட்டும்."

*

இனி அந்த ஆயுதபூஜை.

அன்று எல்லாவற்றையும் கழற்றித் துடைத்தோம். ஜோதி துடைத்தார். மல்லிகா சந்தனமும் குங்குமமும் வைத்தார். எல்லா வயரையும் திரும்ப மாட்டினோம். மோடத்திலிருந்து ஒரு வயர் மட்டும் தரைவரை தொங்கியது. பெரிய பிரிண்டரை வெளியே இழுத்து வரும் நாட்களுக்கானது. மற்ற நாட்களில் அதன் மறுமுனை எதிலும் சேராமல் கிடக்கும். மல்லிகா படம் எடுக்கத் தயாரானார். அந்த முனை எனக்கு அசிங்கமாகப் பட்டது. எடுத்து மோடத்திலேயே காலியாக இருந்த ஒரு துளையில் சொருகினேன். சுவர் சுத்தமாகிவிட்டது.

மறுநாள் விஜயதசமி. மோடத்தைப் போட்டதும் எல்லா விளக்கும் ஒன்றாகப் படபடவென்று அடித்தன. வைஃபை இருப்பதாகக் காட்டியது. எதுவும் திறக்கவில்லை. அணைத்துப் போட்டால் சில நொடி வரும், போய்விடும். அதற்கடுத்த நாள் பன்னிரண்டு மணிக்குள் ஒரு முழுக் கையேடு சென்னைக்குப் போக வேண்டும். போன் வழியாக அனுப்பிப் பார்த்தோம். அந்தப் பெரிய பக்கங்களோடு அது நகரவே இல்லை.

அக்கா நோட்டை எடுத்தார். "நேத்து எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்திப்புட்டோம். அதான் சிக்கல். யாரு என்ன தொட்டீங்க, சொல்லுங்க."

"துடைச்சேங்க்கா. எல்லாத்தையும்," என்றார் ஜோதி. குரல் அப்போதே இறங்கியிருந்தது.

"நான் பொட்டு வச்சேன்," என்றார் மல்லிகா.

என் முறை. "நான் பொரிகடலை மட்டும்தாங்க்கா தொட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். வயரைச் சொருகியது அந்த நொடியில் எனக்கு நினைவில்லை என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நினைவிருந்தது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கும் அதற்கும் தொடர்பிருக்காது என்று நினைத்தேன். அதைவிட, படித்தவன் ஏதோ தெரியாமல் செய்துவிட்டான் என்று ஆகிவிடக் கூடாது என்று நினைத்தேன்.

அன்று முழுக்கத் தேடினார். லைன்காரர் வந்தார், லைன் நன்றாக இருக்கிறது என்றார். மறுநாளும் தேடினார். ஒவ்வொரு கணினியாக, ஒவ்வொரு வயராக. பன்னிரண்டு தாண்டியபின் அந்த வயரைப் பிடுங்கினார். விளக்குகள் அமைதியாயின.

"இங்க பாருங்க. ரெண்டு தலையும் ஒரே எடத்துல. இது அனுப்புறதே இதுக்குத் திரும்பி வருது. அதையே திரும்ப அனுப்புது. தான் பேசுறதத் தானே கேட்டுக்கிட்டுச் சுத்துனா மத்தவங்க பேசுறது எங்க காதுல விழும்?"

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

கையேடு மூன்று மணிக்குப் போனது. சென்னையிலிருந்து போன் வந்தது. அக்கா வாசலில் நின்று பேசினார். "ஆமா சார். தப்பு எங்கிட்டத்தான் சார். நாந்தான் வயரை மாத்திச் சொருகிட்டேன்." அடுத்த புத்தகத்தை அவர்கள் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். உள்ளே ஜோதி அழுதுகொண்டிருந்தார். "துடைக்கிறப்ப நாந்தான் மாத்தியிருப்பேன்."

"நீங்க இல்ல ஜோதி. நாந்தான்னு சொல்றேன்ல," என்றார் அக்கா.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு மோடம் இருந்த பக்கமே போகவில்லை.

*

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். அவர் கணவர் வந்திருந்தார். அக்காவின் படம் சட்டமிட்டு நாற்காலியில் மாலையோடு இருந்தது. அவர் சுவரில் இருந்த மோடத்தைக் காட்டினார்.

"தம்பி, இதக் கழட்டித் தர்றீங்களா? எனக்கு ஒண்ணும் தெரியல. அந்த ஆணியில அவ படத்த மாட்டணும்."

அணைத்தேன். வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். கடைசியில் அந்தப் பிரிண்டர் வயர். தொங்கிய முனையைக் கையில் எடுத்தேன். சொருகும் இடத்துக்குச் சற்று மேலே காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. அதில் நீல மை. அக்காவின் கையெழுத்து. சொருகப் போகிறவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற இடம்.

'தம்பி, இது தொங்கட்டும்.'

அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. மல்லிகா எடுத்த பூஜைப் படத்தைத் தேடிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு முழங்கை இருக்கிறது. என்னுடையது. அதுவாக இருக்கலாம். வாசலில் நின்று 'நாந்தான்' என்று சொன்னபோதே தெரிந்திருந்ததா, பிறகுதானா என்பதும் தெரியாது. என்னிடம் அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. திரும்பவும் நடக்காமல் இருந்தால் போதும் என்று ஒரு பிளாஸ்திரித் துண்டை ஒட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருக்கிறார்.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் அவர் கணவர்.

"எனக்கு எழுதினதுங்கண்ணே."

அவர் வாங்கிப் படித்தார். மெல்ல என் கையிலேயே திரும்ப வைத்தார். "அப்ப நீங்களே வச்சுக்கங்க."

படத்தை மாட்டினோம். வெளுத்த சதுரத்தைவிடப் படம் சற்றுச் சிறியது.

*

ஜோதி, அது நீங்கள் இல்லை. அக்காவும் இல்லை. நான்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இரண்டு. ஒன்று, நெட் போனதும் அவர் கேட்கும் அந்தக் கேள்வி. மனம் நின்றுபோகும் நாட்களில் அதை எனக்கே கேட்டுக்கொள்கிறேன். மற்றது அந்த வயர். திருச்சியில் என் மேசைக்கு மேலே மோடம் இருக்கிறது. ஒரு முனையை அதில் சொருகியிருக்கிறேன். பக்கத்துத் துளை காலியாகத்தான் இருக்கிறது. மறுமுனை தரைவரை வந்து, எதிலும் சேராமல், அவர் எழுத்தோடு தொங்குகிறது.