ஐந்து ஊதா மீன்கள்

ஆரணியில் பட்டுச்சேலைக் கடைக்காரன் நான். நிறம் தேர்வதில் திமிர் உண்டு. 2004இல், படுக்கையில் கிடந்த மனைவிக்காகக் கட்டிலருகே உப்புநீர்த் தொட்டி வைத்து, ஆந்தியாஸ் என்ற வண்ணக் கடல்மீன் வாங்கச் சென்னை போனேன்.

"ஆண் ஒண்ணு போதுங்க, மீதி பெட்டையா எடுங்க. இல்லாட்டி அடிச்சிகினு சாவும்," என்றார் மீன்கடைக்காரர்.

ஆரஞ்சுப் பெட்டைகள் என் கண்ணுக்குச் சாதாரணம். பட்டுபோல மின்னிய ஐந்து ஊதா ஆண்களையே எடுத்தேன். பத்து நாளில் ஒன்றுதான் மிஞ்சியது.

"இன்னும் நல்ல நிறமா வாங்கியாறேன்," என்றேன் மனைவியிடம்.

"நிறம் யாருக்குங்க வோணும்? நீங்க கடைக்குப் போனா, பொழுதுக்கும் நானும் இதுவும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துகினு கெடக்கறோம். இதுக்காவது ஒரு துணை கொண்டாங்க."

அடுத்த வாரம் என்றேன். அதற்குள் அவள் போய்விட்டாள்.

பிறகு அந்த மீன் இருந்தவரை, சாயங்காலமே கடையைச் சாத்திவிட்டு வந்து அதன் எதிரே உட்கார்ந்தேன். அப்போது மட்டும் எனக்கு நேரம் எங்கிருந்து வந்தது?