வேலுச்சாமியும் ‘வீடு திரும்பினார்’ கட்டமும்

வேலுச்சாமி போய்விட்டான் என்று அவன் மைத்துனன் வந்து சொன்னபோது நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவனோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவன் சிரிப்பு தெரியும். நான் அவனுக்குச் செய்தது தெரியாது.

மதுரையில் சுகாதாரத் துறைப் புள்ளியியல் பிரிவில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. படுக்கை, மருத்துவர், நோயாளி தங்கிய நாள், இறப்பு எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு, எந்த அரசு ஆஸ்பத்திரி திறமையாக நடக்கிறது என்று வரிசைப்படுத்தினோம். ஒரு சின்ன ஆஸ்பத்திரி முதலில் வந்தது. அங்கே சாவே இல்லை! “என்ன மாப்ள, அங்க எமனுக்கு லீவா?” என்று கேலி செய்தான். இருவரும் கையெழுத்துப் போட்டு அறிக்கையை அனுப்பினோம்.

அவனுக்கு மனசு ஆறவில்லை. பதிவேட்டில் ‘வீடு திரும்பினார்’ என்றிருந்த ஒருவரைத் தேடி அலங்காநல்லூர்ப் பக்கம் பஸ் ஏறினான். அவர் மனைவி சொன்னாராம்: “ஆமாய்யா, திரும்பினாரு. உசுரு வீட்டுலதான் போகணும்னு இழுத்துக்கிட்டிருக்கையிலயே தூக்கியாந்தோம். வாசல்ல எறக்குனோம், போயிட்டாரு.”

நம் சனங்களின் வழக்கம் அந்த ஆஸ்பத்திரிக்கு மதிப்பெண் ஆகியிருந்தது. தூக்கிப்போக ஆளில்லாதவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்த ஆஸ்பத்திரியோ கடைசி இடத்தில். எங்கள் அறிக்கையைக் காட்டி, கடைசி இடத்து ஆஸ்பத்திரியில் ஒரு வார்டை மூடப் போவதாகத் தகவல் வந்தது.

அறிக்கையைத் திரும்பப் பெற வேலுச்சாமி கடிதம் அடித்தான். “ரெண்டு பேரு போட்ட அறிக்கை. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க” என்றார் அதிகாரி. கடிதத்தை என் முன்னால் வைத்தான்.

“பொண்டாட்டி மாசமா இருக்கா மாப்ள. தண்ணியில்லாத காட்டுக்குத் தூக்கியடிச்சிருவாய்ங்க” என்றேன்.

“சரி விடு. அங்க கெடக்குறவன் எங்க போவான்னு மட்டும் சொல்லிரு.”

கையெழுத்துப் போடாமல் கடிதத்தை என் இழுப்பறையில் வைத்தேன். வார்டை மூடினார்கள்.

அதற்குப் பிறகும் அதே மேசை, அதே நாற்காலிகள். வேறு பிரிவு கேட்டு எழுதிப் போட்டேன், கிடைக்கவில்லை. அவனோ தினமும் தன் சாப்பாட்டில் பாதியை என் பக்கம் தள்ளுவான், அந்தப் பேச்சையே எடுக்க மாட்டான். பாவி, ஒரு தடவை திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

துக்கம் கேட்கப் போனபோது அவன் மனைவி சொன்னார்: “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு டாக்டரே சொல்லிட்டாரு அண்ணே. இவரு வரமாட்டேன்னுட்டாரு. ‘நான் இங்கதான் சாவேன், அப்படியே எழுதட்டும்’னாரு.”

அந்தக் கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. அவன் கையெழுத்துக்குக் கீழே எனக்கு விட்ட இடத்தில் நேற்று கையெழுத்துப் போட்டேன். அந்த வார்டும் இல்லை, அவனும் இல்லை.