வடிவாப் பாத்துக் காலை வை

ஆனையிறவு தாண்டும்போதுதான் அது எனக்குப் பிடிபட்டது. கம்பஸ் விடுமுறைக்கு மல்லாவிக்கு வந்துகொண்டிருந்தேன், பஸ்ஸில் யன்னல் கரை. கிட்ட நின்ற கம்பங்கள் பறந்தன. உப்புக் குவியல்கள் நடந்தன. அதற்கும் அப்பால் வானம் அசையவேயில்லை. ஒரே யன்னலுக்குள் மூன்று வேகம்! நான் செய்ய நினைத்திருந்த கொம்பியூட்டர் கேமில் ஆழம் காட்ட இது போதுமே: முன்னாலிருக்கும் படத்தை ஓடவிடு, பின்னாலிருப்பதை மெல்ல நகர்த்து. சந்தோசத்தில் பக்கத்து சீற் அம்மாவிடமே சொல்லிவிட்டேன். "ஓம் பிள்ளை," என்று சொல்லி அவா நித்திரையானா.

வீட்டுக்கு வந்ததும் தொடங்கினேன். ஓடியும் பாய்ந்தும் போகிற சின்னக் கேம். சட்டை போட்ட ஒரு சிறுமி, ஒரு காடு. பின்னால் நிற்கும் மரங்களுக்கு நீலம் கலந்து மங்கவிட்டேன். கால் வைக்கிற இடம் மட்டும் பளிச்சென்று தெரிய வேணும். அதனால் புல்லை ஒவ்வொரு இதழாகக் கீறி வரைந்தேன். விளையாடுகிறவரைக் காட்டுக்குள்ளே இழுக்க மின்மினிகள் வைத்தேன். சிநேகிதிக்கு அனுப்பினேன். "எடியே, என்ன வடிவடி! விழுந்து படுக்கலாம் போல கிடக்கு," என்றாள்.

ஆனால் நான் செய்தது அக்காவுக்காக. என்னைவிடப் பத்து வயது மூத்தவா. தான் விளையாடுகிற வயதில், சண்டைக் காலத்தில், என்னை இடுப்பில் காவிக்கொண்டு ஊர் ஊராக ஓடினவா. அவாவை ஒருக்காவாவது விளையாடவைக்க வேணும் என்று எனக்கு ஒரு வெறி.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு அக்காவைக் கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரையில் இருத்தினேன். சிறுமி வெறும் மண்ணில் நடந்தாள், கல்லுக்குக் கல் தாவினாள். "எடி, பாயுதடி!" அக்கா சிரித்தா. புல் தொடங்கும் இடத்தில் விரலை எடுத்துவிட்டா.

"போங்கோவன் அக்கா."

"எங்கால?"

"நேர. மின்மினி தெரியுதெல்லே?"

"புல்லு மிதிபடாமக் கிடக்கு. ஒருத்தரும் உதுக்குள்ளால போகேல்ல."

"ஐயோ, இது கேம்!"

"ஓம், கேம்தான். ஆர் இல்லையெண்டது?"

விரல் திரும்பப் போகவில்லை. ஒருவரும் விசையை அழுத்தாவிட்டால் அந்தச் சிறுமி மூச்சு விடுவாள், பிறகு மெல்லத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பாள். உயிரோடு இருப்பதுபோல் தெரியட்டும் என்று வைத்தது. அவ்வளவு நேரம் சும்மா நின்று அதைப் பார்த்தவர்கள் இல்லை. இப்போது திரும்பினாள். மறுபடியும் திரும்பினாள்.

"அது ஆரைப் பாக்குது?" அக்கா கேட்டா.

நானும் குனிந்து பார்த்தேன். பின்னால் மண்பாதையும் மங்கின மரங்களும்தான். நான் கலந்த நீலம் புகை மாதிரித் தெரிந்தது.

"வடிவாப் பாத்துக் காலை வை," என்றா அக்கா. எனக்கல்ல, திரையில் நின்ற பிள்ளைக்கு.

வடிவு என்றால் எங்களுக்கு அழகு. வடிவாப் பார் என்றால் கவனமாகப் பார். இவ்வளவு நாளும் நான் முதலாவதோடு மட்டும் மினக்கெட்டிருக்கிறேன். மிதிவெடிக்குப் பயந்து, முன்னால் போனவரின் அடியிலேயே அடிவைத்து நடந்த நாட்களில் அக்கா இதைத்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தவாவாம். நான் அவா இடுப்பில், கால் நிலத்தில் படாமல். வழி எதுவும் எனக்கு ஞாபகமில்லை. இருந்தும் அந்தக் குரலைக் கேட்டதும் என் கால்விரல்கள் மடங்கின.

அன்றிலிருந்து ஃபைலைத் திறந்தால் அந்தச் சிறுமி திரும்புகிற பக்கத்தையே நானும் பார்க்கிறேன். அந்த அசைவை அழிக்கக் கை போகிறது, பிறகு நின்றுவிடுகிறது.

புல் முழுவதையும் வழித்தெடுத்து மண்ணாக்கலாம். அக்கா கடைசிவரை நடப்பா. ஆனால் அது வெறும் நடை, விளையாட்டில்லை. அதனால் புல்லுக்குள்ளால் ஒரு சைக்கிள் தடம் கீறப் போகிறேன்: இரண்டு பக்கமும் புல் சரிந்து, நடுவில் ஒல்லியாக மண். ஆரோ முன்னால் போயிருக்கினம் என்று தெரிய வேணும். கொஞ்சத் தூரத்தில் தடம் முடியும். அதற்கப்பால் ஒருவரும் மிதிக்காத பச்சை, ஒரேயொரு பாய்ச்சல் அகலத்துக்கு. அக்கா ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நிற்பா. பாய்கிறாவோ என்று பார்க்க வேணும்.